ஆட்டுக்கால் சட்டியில் வெந்த ‘சைவ’ பீன்ஸ்: சாட்ஸ்வொர்த் பக்கம் விரதம் இருப்பவர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் எங்கள் வீடு. போன ஜூன் மாதம் கோயிலில் அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, சமைக்க முடியாத நாள்ல சைவம் வாங்கணும்னா இந்தப் பக்கம் எந்தக் கடை நல்லது?” நான் யோசிக்கக்கூட இல்லை, ஒரு டேக்அவே கடையைச் சொன்னேன். “சுகர் பீன்ஸ் பன்னி வாங்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்றேன். சுகர் பீன்ஸ் என்பது ராஜ்மா மாதிரி ஒரு காய்ந்த பீன்ஸ் விதை, பன்னி என்பது குழம்பு ஊற்றித் தரும் ரொட்டி. பக்கத்தில் நின்ற மூன்று பேர் காதிலும் அது விழுந்தது. அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதே கடையைத்தான் சொல்லி வந்தேன். என் பேச்சை நம்பி எத்தனை குடும்பங்கள் அங்கே போயினவோ, நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அந்தக் கடைக்குப் போகாதீர்கள். குறைந்தபட்சம் விரத நாளில் போகாதீர்கள். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. கோயிலில் என்னைப் பார்க்கிறவர்கள் நேரில் கேளுங்கள், சொல்கிறேன்.

நடந்தது இதுதான். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. காலையிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் தண்ணீர் நிற்பது யாருக்கும் புதிதில்லை. வாளியில் பிடித்து வைத்திருந்ததில் விளக்குத் தேய்த்து, வீட்டைத் துடைத்து, நாமம் போட்டுப் பூஜை முடித்தோம். சமைக்கத் தண்ணீர் மிஞ்சவில்லை. அத்தை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. நான்தான், “நம்ம கடையில பீன்ஸ் வாங்கிட்டு வந்துடறேன் அத்தை” என்று கிளம்பினேன்.

வாசலில் ‘புர்டாசி ஸ்பெஷல்’ என்று பெரிதாக எழுதிய அட்டை தொங்கியது. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், புர்டாசி என்று. கவுன்ட்டரில் இருந்தவரிடம் கேட்டேன்: “பீன்ஸ் சைவம்தானே?” “ஆமா ஆன்ட்டி, சுத்த சைவம், பார்த்தீங்கல்ல போர்டை.” நான்கு குவார்ட்டர் பன்னி, அதாவது கால் ரொட்டி, ஒன்று 55 ரேண்ட். கார்டில் 220 ரேண்ட் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு மெஷினில் பேப்பர் தீர்ந்துவிட்டது என்றார். கூட்டமாக இருந்தது, வற்புறுத்தாமல் வந்துவிட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குப் பன்னி என்ற பெயர் அதிர்ச்சியாக இருக்கும். நம் ஊர்ப் பன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரொட்டியைக் காலாகவோ பாதியாகவோ வெட்டி, நடுவைக் குடைந்து, அந்தக் குழியில் குழம்பை ஊற்றித் தருவார்கள். அதுதான் பன்னி சௌ, டர்பனில் பிறந்த சாப்பாடு. பனியா வியாபாரிகளின் கடைகளிலிருந்து வந்த பெயர் என்பார்கள். மட்டன், கோழி என்று எல்லாவற்றிலும் உண்டு. சைவக்காரர்களுக்கும் விரதக்காரர்களுக்கும் சுகர் பீன்ஸ்தான் கதி.

அத்தை இலை போட்டு உட்கார்ந்தார். பாதி சாப்பிட்டிருப்பார். சட்டென்று மெல்லுவதை நிறுத்தி, விரலை விட்டு எதையோ எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். புளியங்கொட்டை அளவு, வெள்ளையாக, ஒரு பக்கம் வழவழவென்று.

“என்ன மா இது? கல்லா?”

நான் எடுத்துப் பார்த்தேன். எலும்பு.

அத்தைக்கு எழுபத்தாறு வயது. அவருடைய முப்பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக மெட்ராஸிலிருந்து வந்தவர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் முதல் கூட்டத்தை இங்கே இறக்கியது. அதற்குப் பிறகு வந்த ஏதோ ஒரு கப்பல் அவருடையது. அத்தைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, பேசுவதிலும் பாதி ஆங்கிலம் கலந்திருக்கும். ஆனால் புரட்டாசி மாதத்தில் வீட்டில் முட்டைகூட நுழையாது. செப்டம்பர் 24, பாரம்பரிய தினம், நாடே தெருவுக்குத் தெரு இறைச்சி சுடும் நாள். அன்றைக்கும் எங்கள் வீட்டு அடுப்பில் பருப்பும் பூசணிக்காயும்தான். மொழி கையை விட்டுப் போன குடும்பங்களில்கூட இந்த ஒரு மாதம் போகவில்லை. அதன் கனம் தெரியாதவர்கள், “ஒரு துண்டு எலும்புதானே” என்று சொல்லிவிடலாம்.

அத்தை என்னைத் திட்டவில்லை. எழுந்து வாய் கொப்பளித்தார். விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். “தெரிஞ்சு செய்யலையே மா” என்று மட்டும் சொன்னார், பெருமாளிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் வரை எதுவும் சாப்பிடவில்லை. என் பிள்ளைகள் “ஆயா, ஆயா” என்று சுற்றிச் சுற்றி வந்தும் ஒரு டம்ளர் பாலுக்கு மேல் இறங்கவில்லை.

இனி அந்த எலும்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதே வேலை வேறு கடைகளிலும் நடக்கலாம். டர்பனில் ‘ட்ராட்டர்ஸ் அண்ட் பீன்ஸ்’ என்று ஒரு குழம்பு உண்டு. ஆட்டுக்காலைச் சுத்தம் செய்து சுகர் பீன்ஸோடு மணிக்கணக்காக வேகவைப்பார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது அமிர்தம். காலில் இருக்கிற பசை முழுக்கக் குழம்பில் கரைந்து பீன்ஸைச் சுற்றிக்கொள்ளும், விரலில் ஒட்டும். அந்தச் சட்டியிலிருந்து காலை ஒதுக்கிவிட்டு பீன்ஸை மட்டும் கரண்டியில் அள்ளினால், பார்வைக்கு அது சைவ பீன்ஸ்தான். மசாலா தூக்கலாக இருந்தால் வாசனையிலும் தெரியாது. தனியாக ஒரு சட்டி, தனியாகக் கேஸ், தனியாக ஓர் ஆள், எல்லாம் மிச்சம்.

சந்தேகம் வேண்டாம் என்று நான் ஒன்று செய்தேன். மீதிக் குழம்பை ஒரு கிண்ணத்தில் வழித்து, மூடி, வெளியே இருந்த சின்ன ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்துக் கிண்ணத்தை ஆட்டினால் ஜெல்லி மாதிரி குலுங்கியது. மேலே வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருந்தது. வெறும் பீன்ஸ் குழம்பும் ஆறினால் கெட்டியாகும், மாவுச் சத்து இருக்கிறதே. ஆனால் அது களி மாதிரி இறுகும், இப்படிக் குலுங்காது. சூரியகாந்தி எண்ணெயும் இப்படி வெள்ளைப் பாளமாக உறையாது. உங்களுக்கு எப்போதாவது சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி எடுத்து வைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலமே எலும்பை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். முதலில், “எங்கிருந்தோ விழுந்திருக்கும் ஆன்ட்டி” என்றார். ஒரே சட்டியா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். கடைசியில் சொன்னார்: “கிரேவி ஒண்ணுதான். ஆனா சைவம் கேட்கிறவங்களுக்கு நாங்க கறி போடறதில்லையே.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளத்தனம் இல்லை. கறித் துண்டு தட்டில் இல்லாவிட்டால் சைவம் என்று அவர் மனதார நம்புகிறார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கார்டில் திருப்பிப் போட முடியாது, வேண்டுமானால் நாலு சமூசா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். விரதக்காரிக்குச் சமூசா, அதுவும் எந்த எண்ணெயில் பொரித்ததோ.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். உணவுக் கடை நடத்த நகராட்சி தரும் தகுதிச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதில் இருந்த பெயர் நான் ஜூனில் பார்த்த பெரியவருடையது. நான் கடையை நம்பியதே அந்தப் பெரியவரால்தான். பின்கட்டுக்குக் கூட்டிப்போய், “இது கறிச் சட்டி மா, இது பீன்ஸ் சட்டி, கரண்டிகூட வேற” என்று காட்டியவர் அவர். விசாரித்தால், ஆகஸ்ட்டிலேயே கடையை விற்றுவிட்டு மகன் வீட்டோடு ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டாராம். அதே போர்டு, அதே மெனு, அதே சான்றிதழ், ஆள் மட்டும் வேறு. ஆக, நான் புகழ்ந்துகொண்டிருந்த கடை இரண்டு மாதமாக உலகத்திலேயே இல்லை. போர்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜூனில் வந்த ஆர் 638 என்ற உணவுக் கூடச் சுகாதார விதிகளின்படி, அது இல்லாமல் யாரும் உணவு விற்கக்கூடாது. வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டவேண்டும். அந்த ஆளுக்கும் அந்த இடத்துக்கும் மட்டுமே செல்லும், இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. கடையில் நிற்கிறவர் பெயரும் சுவரில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் கேளுங்கள். அது சுத்தத்துக்கான சான்றிதழ்தான், சைவத்துக்கானது அல்ல. இருந்தாலும் கடை கைமாறியிருக்கிறது என்பதை நமக்குச் சொல்லிக்கொடுக்கும்.

ரசீதை விட்டுவிட்டு வந்தது பெரிய தப்பு. 2011 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, விற்றவர் பெயர், முகவரி, தேதி, என்ன பொருள், எத்தனை, விலை, வரி எல்லாம் எழுதிய ரசீதைத் தரவேண்டும் என்கிறது. என்னிடம் வங்கியிலிருந்து வந்த 220 ரேண்ட் குறுஞ்செய்தி மட்டும்தான் இருக்கிறது. அதில் பீன்ஸ் என்றும் இல்லை, சைவம் என்றும் இல்லை. அதே சட்டம் பொய்யான விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமையும் தருகிறது. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற அட்டையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதியிருக்கிறேன். எலும்பின் படம், குலுங்கும் குழம்பின் வீடியோ, ‘புர்டாசி ஸ்பெஷல்’ அட்டையின் படம் மூன்றையும் சேர்த்திருக்கிறேன். அட்டையைப் படம் எடுத்தது நல்லதாகப் போயிற்று, அடுத்த சனிக்கிழமை அது அங்கே இல்லை.

என்ன சொல்கிறார்களோ அதுதான் உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கை இந்த நாட்டில் முன்பே ஒரு தடவை ஆட்டம் கண்டது. 2013இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தார் 139 இறைச்சிப் பொருட்களைச் சோதித்தார்கள். 95இல் லேபிளில் சொல்லாத ஏதோ ஒன்று இருந்தது, சிலவற்றில் கழுதைகூட. அது லேபிள் ஒட்டி விற்ற பொருள். லேபிளே இல்லாத நம் தெருக் கடைச் சட்டிக்கு நாம் கேட்கும் கேள்வி மட்டும்தான் காவல்.

அந்தக் கேள்வியைத்தான் நான் தப்பாகக் கேட்டேன். “சைவம்தானே?” என்று கேட்டால் “ஆமா” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “இந்த பீன்ஸ் எந்தச் சட்டியில் வெந்தது? இன்றைக்கு ட்ராட்டர்ஸ் இருக்கிறதா? இருந்தால் அதன் சட்டி எங்கே?” என்று கேட்டிருக்கவேண்டும். பிரியாணியிலும் இதே ஏமாற்றுக்கு இடம் இருக்கிறது. நம் டர்பன் பிரியாணியில் உருளைக்கிழங்கும் மசூர் பருப்பும் இருக்கும் அல்லவா? மட்டன் அண்டாவிலிருந்து சோறும் கிழங்கும் மட்டும் வாரினால் ‘வெஜ் பிரியாணி’ தயார். கிழங்கை உடைத்து முகர்ந்து பாருங்கள், கறிச் சாறு உள்ளே வரை இறங்கியிருக்கும். சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயில் கோழி பொரிக்கிறார்களா என்றும் கேட்கலாம். கோபப்படாமல் காட்டுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெரியவர் அப்படித்தான் காட்டினார், நான் கேட்காமலே.

நம்மிடம் யாராவது கடை கேட்டால் நாம் சொல்லும் விதத்தையும் மாற்றவேண்டும் என்று நினைக்கிறேன். “சூப்பர் கடை, நம்பிப் போ” என்பது போதாது. எந்த மாதம் போனேன், யார் நடத்தினார்கள், என்ன வாங்கினேன், சமையல் கட்டைப் பார்த்தேனா, அதைச் சொல்லவேண்டும். நான் அன்றைக்கு, “நான் போனப்போ ஒரு பெரியவர் நடத்தினார், நல்லா இருந்தது, நீ போறப்போ யாருன்னு பார்த்துக்கோ” என்று சொல்லியிருந்தால் கேட்டவளும் எச்சரிக்கையாக இருந்திருப்பாள், நானும் அந்தச் சனிக்கிழமை சுவரை முதலிலேயே பார்த்திருப்பேன். அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவளும் இரண்டு சனிக்கிழமை அங்கே வாங்கியிருக்கிறாள். கர்ப்பமாக இருக்கும் பெண், வேண்டுதலுக்காக விரதம். நான் சொல்லி முடிக்கும் வரை அவள் தலை நிமிரவே இல்லை.

புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த் பக்கம் எங்காவது பீன்ஸ் பன்னி வாங்கி, இதே மாதிரி எலும்போ பசையோ பார்த்தவர்கள் இருந்தால், ரசீதையும் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். என் ஒருத்தி புகாரோடு இன்னும் நாலு பேர் புகார் சேர்ந்தால் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஜனைக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் இருப்பேன், அங்கே வந்து சொல்லுங்கள்.