சிரிலா, நெஸ்தோரியுவா: எபேசில் மோதிய இரு வாதங்கள்

கி.பி. 428-இல் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரான நெஸ்தோரியுவுக்கு ஒரு பட்டம் உறுத்தியது. மரியாளை மக்கள் 'தியோடோகோஸ்', அதாவது கடவுளைப் பெற்றவள் என்று அழைத்தார்கள். ஆதியில்லாத கடவுளுக்குத் தாய் ஏது? 'கிறிஸ்டோடோகோஸ்', கிறிஸ்துவைப் பெற்றவள் என்றால் போதாதா என்றார். எகிப்தில் உள்ள அலெக்சாந்திரியாவின் பேராயர் சிரில் சும்மா விடவில்லை.

பேச்சு மரியாளைப் பற்றி இருந்தாலும், இயேசு யார் என்பதே வழக்கு. நெஸ்தோரியு சிரியாப் பகுதியின் அந்தியோக்கியா நகரில் படித்தவர். பசித்தது, அழுதது, களைத்தது எல்லாம் மனித இயல்பு, அதைத் தெய்வ இயல்போடு கலக்காதே என்பது அந்தப் பள்ளியின் கண்டிப்பு. இதில் பெரிய லாபம், இயேசுவின் மனிதத்தன்மை வெறும் வேஷமாகிவிடாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்று கேட்டால், 'இணைப்பு' என்பதைத் தாண்டி அவரிடம் உறுதியான பதில் இல்லை. அப்படியென்றால் சிலுவையில் இறந்தது யார்?

சிரிலின் பலம் இந்த இடத்தில்தான். பிறந்தவரும் இறந்தவரும் ஒரே ஆள், கடவுளின் வார்த்தையானவரே, அதாவது மகனாகிய கடவுளே என்றார். வாதமாக மட்டும் எடைபோட்டால் நான் சிரில் பக்கம்தான். ஆனால் அவர் பிடித்துக்கொண்ட 'மனுவுருவான வார்த்தையின் ஒரே இயல்பு' என்ற வாசகம் வில்லங்கமானது. அலெக்சாந்திரியாவின் பழைய பேராயர் அத்தனாசியு எழுதியது என்று நம்பி எடுத்தாண்டார். அதுவோ, தவறான போதனைக்காக 381-இல் கண்டிக்கப்பட்ட ஆயர் அப்போலினாரியுவின் சரக்கு!

சரி, நடைமுறை? அதில் சிரிலுக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. 431 ஜூன் 22 அன்று, நெஸ்தோரியுவின் ஆதரவாளரான அந்தியோக்கியாவின் ஆயர் யோவான் வந்து சேருமுன்பே, பேரரசரின் பிரதிநிதி தடுத்தும் கேளாமல் எபேசுச் சங்கத்தை, அதாவது ஆயர்களின் பொதுக்கூட்டத்தை, சிரில் தொடங்கினார். ஒரே நாளில் நெஸ்தோரியுவின் பதவி போனது. சில நாள் கழித்து வந்த யோவான், தன் ஆட்களைத் தனியாகக் கூட்டி சிரிலைப் பதவிநீக்கினார். பேரரசர் இரண்டாம் தியோடோசியு முதலில் இரு தரப்பின் தீர்ப்பையும் ஏற்றார்! அப்புறம் அலெக்சாந்திரியாவிலிருந்து அரண்மனை அதிகாரிகளுக்குத் தங்கமும் கம்பளங்களும் யானைத்தந்த நாற்காலிகளும் போயின. அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. சிரிலின் பதவி தப்பியது, நெஸ்தோரியு பின்னர் எகிப்தின் பாலைவனத்துக்கு நாடுகடத்தப்பட்டார்.

451-இல் கல்செதோன் சங்கம் சிரிலின் 'ஒரே ஆள்', அந்தியோக்கியாவின் 'இரண்டு இயல்புகள்' இரண்டையும் எடுத்துக்கொண்டு, கலப்பும் இல்லை பிரிவும் இல்லை என்றது. எகிப்தில் பெரும்பாலோர் இதைச் சிரிலுக்குச் செய்த துரோகமாகவே பார்த்தார்கள்.

இந்தச் சண்டையால் பிரிந்த மூன்று சபைக் கிளைகளையும் பார்க்கக் கேரளம் போதும். சீரோ மலபார் கத்தோலிக்கர் கல்செதோனை ஏற்பவர்கள், மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை ஏற்காதது, திருச்சூரின் கல்தேய சபை நெஸ்தோரியுவைக் கண்டிக்காத கீழைத் திருச்சபையின் அங்கம். 1994-இல் அந்தக் கீழைச் சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் கையெழுத்திட்ட அறிக்கை, மரியாளை இரு விதமாகவும் அழைக்கலாம், இரண்டும் ஒரே விசுவாசம்தான் என்று ஒப்புக்கொண்டது.