முகம் காட்டும் அட்டைகள்: வாங்கலாமா?

மகளுக்கு 2 வயது தாண்டியதும் வாங்கினோம். மகிழ்ச்சி, கோபம், பயம் என்று அட்டைக்கு ஒரு குழந்தை முகம், அதுவும் வரைந்த படம் இல்லை, நிஜப் புகைப்படம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் இரண்டு வாரம் கடித்துப் பார்த்ததோடு சரி. அப்புறம் ஒரு நாள், அடுக்கிய கட்டைகள் சரிந்ததும் கத்தாமல் ஓடிப்போய்க் கோப முகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள், "கோவமா கண்ணு?" என்றதும் தலையாட்டிவிட்டு அப்படியே சாய்ந்துகொண்டாள். இந்த வயதில் கோபம், பயம் போன்ற அடிப்படை உணர்ச்சிகள் வந்துவிடுகின்றன, சொல்லத்தான் வார்த்தை போதவில்லை. நாம் கூட உட்கார்ந்து பெயர் சொல்லிக் கொடுத்தால்தான் அட்டை வேலை செய்யும். ஒரே குறை: பெருமை, குற்றவுணர்வு போன்ற அட்டைகளையும் சேர்த்தே 2 வயதுக்கு என்று விற்கிறார்கள். தன்னை அடுத்தவர் கண்ணால் பார்க்கப் பழகிய பிறகு மெதுவாகப் புரிகிற விஷயம் அது. அந்த அட்டைகளை இப்போதைக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.