அப்பத்தாவோட பழைய உஷா மிஷின்: தையல் சரியா விழலைன்னா மொதல்ல எங்க பாக்கணும்

பழைய கால்மிஷின் வச்சிருக்கவங்களுக்கு மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், தையல் கெட்டுப்போச்சுன்னா உடனே நூல் இறுக்கத்த கூட்டிக் கொறைக்கற டென்ஷன் ஸ்க்ரூவ திருகாதீங்க. முக்காவாசி நேரம் கோளாறு ஊசியிலயோ, நூல் போற வழியிலயோ, உள்ள அடைஞ்ச தூசியிலயோதான் இருக்கும்.

எங்கிட்ட இருக்கறது அப்பத்தாவோட உஷா. கறுப்பு உடம்பு, தங்க எழுத்து கை படுற பக்கம் மட்டும் அழிஞ்சிருக்கு. அவங்க போனப்புறம் திருமங்கலத்து வீட்டு மச்சுல சாக்கு போத்தி ரொம்ப காலம் கெடந்துச்சு, பழைய இரும்புக்கு எடைக்குப் போட்ருவோம்னு வீட்ல பேச்சு வந்தப்ப எனக்கு வேணும்னு தூக்கிட்டு வந்துட்டேன். இப்ப வருஷக்கணக்கா ஓடிக்கிட்டிருக்கு. சுங்குடி சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது, புள்ளைக யூனிஃபார்ம் பிரிஞ்சா தைக்கிறது, தலகாணி உறை, பாவாடை, எல்லாம் இதுலதான்.

வந்த புதுசுல தையல் விட்டு விட்டு விழுந்துச்சு, துணிக்கு அடியில நூல் கூடு கட்டுச்சு, திடீர்னு மேல்நூல் அறுந்துச்சு. மதுரை டவுன்ல மீனாட்சி கோயில் பக்கம் மிஷின் ரிப்பேர் பாக்குற அண்ணே ஒருத்தர் இருக்காரு, புதுமண்டபத்துல டெய்லருங்க வரிசையா உக்காந்து அழகர் திருவிழாவுக்கு வேஷத்துணி தச்ச காலத்துல இருந்தே அவங்க மிஷினெல்லாம் பாத்தவரு (இப்ப அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு போயிருச்சு). அவரு சொன்னது இதுதான்: "தாயி, ஊசியையும் நூலையும் சரி பண்ணாம ஸ்க்ரூவ தொட்டேன்னா அப்பறம் எது கெட்டதுன்னே உனக்குத் தெரியாது."

அவரு காட்டிக்குடுத்த ரெண்டு கலர் சோதனை இருக்கே, அத எல்லாரும் கத்துக்கணும். மேல செவப்பு நூல், பாபின்ல (கீழ்நூல் சுத்தி வைக்கற குட்டி உருளை) வெள்ளை நூல் போட்டு, காடாத்துணிய ரெண்டு மடிப்பா வச்சு ஒரு சாண் நீளம் தச்சுப் பாருங்க. முடிச்சு ரெண்டு துணிக்கும் நடுவுல ஒளிஞ்சிருச்சுன்னா டென்ஷன் சரி. அடியில செவப்பு வளையம் வளையமா தொங்குச்சுன்னா கோளாறு மேல. அடியில சிக்குறதால எல்லாரும் பாபினத்தான் போட்டு நோண்டுவாங்க, ஆனா மேல்நூல் பிடிப்பில்லாம தளர்ந்து போறதாலதான் அப்படி ஆகுது. மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா மேல்நூல் ரொம்ப டைட்டு, இல்ல கீழ்நூல் லூஸு.

எனக்கு செவப்பு தொங்குச்சு. காரணம் மேல்நூல அமுக்கிப் புடிக்கற டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல பழைய நூல்துண்டு ஒண்ணு எண்ணெயோட சேந்து கல்லா இறுகி உக்காந்திருந்துச்சு. துணிய அமுக்குற ஃபுட்ட தூக்கிவிட்டு (தூக்குனாதான் தட்டு விரியும், நூல் கோக்கும்போதும் அப்படித்தான் கோக்கணும், இல்லாட்டி நூல் தட்டுக்குள்ள எறங்காம வெளியவே நிக்கும்) பழைய வேட்டிக் கிழிசல மடிச்சு மண்ணெண்ணெயில நனைச்சு உள்ள விட்டு இங்கிட்டும் அங்கிட்டும் இழுத்தேன், கறுப்பா ஒரு துளி வந்து விழுந்துச்சு, அதோட லூப்பு நின்னுபோச்சு. ஸ்க்ரூவ தொடவே இல்ல.

தையல் விட்டு விட்டு விழுறதுக்கு ஊசிதான் காரணம். ஒரு பக்கம் தட்டையா இருக்கற வீட்டு மிஷின் ஊசிதான் இதுக்கு, பவர் மிஷினோட உருண்டைக்காம்பு ஊசிய மாட்டாதீங்க. நீளக்குழி இருக்கற பக்கத்துல இருந்துதான் நூல் கோக்கணும், தட்டைப் பக்கம் அடியில மேல்நூல புடிக்கற ஷட்டில் கொக்கியப் பாத்து இருக்கணும், ஊசி மேல முட்டுற வரைக்கும் ஏத்தி டைட் பண்ணணும். ஒரு நூல் கனம் கீழ எறங்கி இருந்தாக்கூட கொக்கி நூல புடிக்காது. சுங்குடி மாதிரி மெல்லிசு காட்டனுக்கு 11ம் நம்பர் ஊசி, சாதா துணிக்கு 14, ஜீன்ஸ் மடிப்புக்கு 16 இல்ல 18. ஊசி வளைஞ்சிருக்கான்னு கண்ணாடி மேல தட்டைப் பக்கத்த வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்.

அப்பறம் துணிய நகத்துற பல்லுக்கு மேல இருக்கற தகட்ட ஒருதடவை கழட்டிப் பாருங்க. எனக்கு பஞ்சுத்தூசி அழுந்தி அழுந்தி தடியா ஒரே ஏடா உரிஞ்சு வந்துச்சு, அதுல செவப்பு, பச்சை, மஞ்சள்னு அடுக்கடுக்கா கலரு, அப்பத்தா தச்ச துணியெல்லாம் அதுலதான் இருக்குன்னு தோணுச்சு, கொஞ்ச நேரம் அத கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அத எடுத்தப்புறம்தான் பல்லு முழுசா மேல வந்து துணிய ஒழுங்கா நகத்துச்சு.

எண்ணெய் விஷயத்துல தேங்காயெண்ணெய் வேணவே வேணாம், நாள்பட பிசினாகி மிஷினையே இறுக்கிரும். மண்ணெண்ணெய் விட்டு பழைய அழுக்க கரைச்சு தொடச்சிட்டு, தையல்மிஷின் எண்ணெய் மட்டும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சொட்டு விடுங்க, காலால கொஞ்ச நேரம் வெறும ஓட்டி, கழிவுத்துணியில தச்சுட்டு அப்பறம் நல்ல துணிக்கு வாங்க.

பாபின் உக்கார்ற கேஸ சோதிக்க நூல புடிச்சு தொங்க விடுங்க. தானா சர்ருன்னு எறங்கக்கூடாது, கைய லேசா ஒதறுனா ஒரு இஞ்சு எறங்கி நிக்கணும். எறங்கவே இல்லன்னா தகட்டு ஸ்ப்ரிங்குக்கு அடியில தூசி இருக்கான்னு பாத்துட்டு, அதுக்கப்பறமும் சரியாகலன்னா மட்டும் அந்த குட்டி ஸ்க்ரூவ துளியூண்டு திருப்புங்க. பாபின் சுத்துற ரப்பர் ரிங் தேஞ்சிருந்தா நூல் லூசா ஏறும், தையலும் ஒரு எடம் இறுக்கம் ஒரு எடம் தளர்வுன்னு வரும், மலிவா கெடைக்கற சாமான், மாத்திருங்க. தோல் பெல்ட்டு நாளாக நாளாக நீளும், கொஞ்சம் வெட்டி திரும்ப கிளிப் போட்டா போதும். கால் மிதி தப்பி சக்கரம் பின்பக்கமா சுத்திருச்சுன்னா நூல் சிக்கி அறுந்துரும், காலு பழகுற வரைக்கும் கையால சக்கரத்த உங்க பக்கமா சுத்தி ஆரம்பிங்க.

பனியன் துணி மட்டும் இதுல நான் தைக்கறதில்ல. பால்பாயிண்ட் ஊசி போட்டா விட்டு விட்டு விழுறது கொறையுது, ஆனா நேர்தையலு இழுத்தா அறுந்துருது, அத ஓவர்லாக் வச்சிருக்க டெய்லர்கிட்ட குடுத்துருவேன்.