என்டார்ஃபின், என்கெஃபலின், டைனார்ஃபின்: எந்த மரபணு எந்தத் திசுவில்?

உடல் தானே தயாரிக்கும் ஓபியாய்டுகள் (அபினைப் போல் வலியைத் தணிக்கும் பொருள்கள்) எல்லாவற்றையும் ‘என்டார்ஃபின்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் அவை தனித்தனி மரபணுக்களிலிருந்து வருபவை. அவற்றின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படி) எந்தத் திசுவில் எவ்வளவு என்று பார்த்தால் குணமும் வேறு வேறு.

பீட்டா என்டார்ஃபினைத் தரும் பி.ஓ.எம்.சி. மரபணுவின் படிகள் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில்தான் கொட்டிக் கிடக்கின்றன. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் அவற்றைக் கொண்ட ஒரு சிறு நரம்பணுக் கூட்டமும் உண்டு. விரை போன்ற வேறு திசுக்களிலும் அதன் படிகள் தென்படுகின்றன. அதைக் கண்டதும் ‘அங்கேயும் என்டார்ஃபின்’ என்று துள்ளுபவர்கள் படியின் நீளத்தைக் கவனிப்பதில்லை. பிட்யூட்டரியின் முழுப்படி ஏறத்தாழ 1,200 எழுத்துகள். வெளித்திசுக்களில் கிடைப்பது பெரும்பாலும் 800 அளவிலான குட்டைப் படி. மரபணுவிலிருந்து படியில் இடம்பெறும் துண்டுகளான மூன்று எக்ஸான்களில் முதல் இரண்டும் அதில் இல்லை. புரதத்தைச் சுரப்புப் பாதைக்குள் செலுத்தும் சமிக்ஞைத் தொடர் இரண்டாம் எக்ஸானில் இருக்கிறது. அது இல்லாத படியிலிருந்து ஹார்மோன் சுரந்துவிடாது.

முழுப்படி இருந்தாலும் கணக்கு முடிவதில்லை. படியிலிருந்து முதலில் உருவாவது ஒரு நீண்ட முன்னோடிப் புரதம். பிட்யூட்டரியின் முன்மடலில் அதை வெட்டும் நொதி பெரும்பாலும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் வரை வந்து நின்றுவிடும். ஹைபோதலாமஸில் இன்னொரு நொதி மேலும் நறுக்கி பீட்டா என்டார்ஃபினைத் தருகிறது. படிகள் அதிகம் பிட்யூட்டரியில் என்பதாலேயே என்டார்ஃபினும் அங்கேதான் அதிகம் என்று சொல்லிவிட முடியாது.

என்கெஃபலினைத் தரும் புரோஎன்கெஃபலின் மரபணு அப்படி ஓரிடத்தில் முடங்குவதல்ல. மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதி, அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி என்று பரவலாகப் படியெடுக்கப்படுகிறது. பி.ஓ.எம்.சி. போலவே இதன் முன்னோடிப் புரதமும் 267 அமினோ அமிலங்கள்தான் (தற்செயல் ஒற்றுமைதான்). உள்ளே என்கெஃபலினின் இரு வகைகள்: நான்கு மெட்-என்கெஃபலின், ஒரு லியூ-என்கெஃபலின். ஆனால் இங்கும் ஏமாற இடமுண்டு: எலியின் இதயத்தில் இதன் படிகள் ஏராளம், வெட்டிக் கிடைக்கும் பெப்டைடோ (சிறு புரதத் துண்டு) சொற்பம்.

டைனார்ஃபினைத் தரும் புரோடைனார்ஃபின் பெரும்பாலும் மூளைவாசி. ஸ்ட்ரையாட்டத்தில் அது என்கெஃபலினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பொதுவாக டைனார்ஃபின், டோபமின் என்ற நரம்புத் தூதுப்பொருளின் டி1 ஏற்பி கொண்ட நரம்பணுக்களில், என்கெஃபலின் டி2 ஏற்பி கொண்டவற்றில். திசுவை மொத்தமாக அரைத்து அளந்தால் இந்தப் பிரிவினை காணாமல் போகிறது. பரவலை மட்டும் அறியத் திசுவாரியான பட்டியல் போதும். இந்த இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் தனித்தனி நரம்பணுக்களின் தரவைத்தான் நான் நம்புவேன்.