தேவைப் பட்டியலத் திறந்து வச்சு செஞ்ச சாஃப்ட்வேர்: எங்க டைல் பட்டறையில 3 வருஷ அனுபவம்

ஆத்தங்குடியில எங்க பட்டறை, ஆர்டரு, ஸ்டாக்கு, பில்லு எல்லாம் நான்தான் பாக்குறேன். 3 வருஷத்துக்கு முன்னாடி காரைக்குடியில ஒரு சின்ன டீம்கிட்ட ஆர்டர் சாஃப்ட்வேர் பண்ணச் சொன்னோம், பக்கத்துப் பட்டறைக்காரங்க ரெண்டு பேரும் கூடச் சேந்து காசு போட்டாங்க. இங்க நான் எழுதப்போறது அவங்க அதச் செஞ்ச முறையப் பத்தி. என்னென்ன வேணும்ங்கற ரெக்வயர்மென்ட் லிஸ்ட்ட தங்களுக்குள்ளயே வச்சுக்காம ஒரு லிங்க் குடுத்து எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க, முதலாளி, நான், மேஸ்திரி, லோடு ஏத்துற பையன், டைல் வாங்குற வீட்டுக்காரங்க நாலஞ்சு பேரு, யாரு வேணா பாக்கலாம், கீழ கமென்ட் போடலாம்.

இதுக்கு முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட செஞ்சு நொந்துபோயிருந்தோம். ஆரம்பத்துல ஒரு நாள் உக்காந்து பேசுனாரு, கனமா ஒரு டாக்குமென்ட்ல கையெழுத்து வாங்குனாரு, அப்புறம் 8 மாசம் ஆளையே காணோம், கடைசியில கொண்டுவந்து காட்டுனா ஸ்டாக்கெல்லாம் பாக்ஸ் கணக்குல நிக்குது. ஃபேக்டரி டைலுக்குத்தான் பாக்ஸு, எங்களுக்கு ஏது? கேட்டா கையெழுத்தக் காட்டுறாரு. அந்தக் காசு போனது போனதுதான்.

புது டீம் லிஸ்ட்டத் திறந்து வச்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா உண்மையச் சொல்லணும்னா முதல் 4 மாசம் அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. எல்லாம் இங்கிலீஷ்ல, அவங்க பாஷையில இருந்துச்சு. நான் மட்டும்தான் திறந்து பாப்பேன், எனக்கே பாதி புரியாது. அப்புறம் சண்ட போட்டுத்தான் தமிழுக்கு மாத்த வச்சேன், ஒவ்வொரு வரிக்கும் கீழ ஒரு உதாரணம் வேணும், எழுத வராதவங்க வாய்ஸ் நோட் போட வழி வேணும்னு கேட்டேன். செஞ்சு குடுத்தாங்க. அன்னிக்குத்தான் அந்த லிஸ்ட் நெஜமாத் திறந்துச்சுன்னு சொல்லுவேன், லிங்க் குடுத்த அன்னிக்கு இல்ல.

உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். 100 சதுர அடிக்கு 10க்கு 10 இஞ்ச் டைல்னா 144, 8க்கு 8ன்னா 225, இப்படி சாஃப்ட்வேரே எண்ணிக்கை போடணும்னு ஒரு வரி இருந்துச்சு. கணக்கு சரிதான், நானும் ஓகேன்னுட்டேன். மேஸ்திரி அதப் படிச்சுட்டு, "தம்பி, இது நடு டைலு கணக்கு மட்டும்தான, பார்டர் எங்க, மூலை எங்க?"ன்னு வாய்ஸ் நோட் போட்டாரு. பார்டர் சுத்தளவுல ஓடுறது, மூலைக்குத் தனி டைலு, அதையெல்லாம் சதுர அடியில போட்டா வீட்டுல போய்ப் பதிக்கும்போதுதான் குறையும், அப்புறம் அந்த நாலு டைலுக்குன்னு தனியா வண்டி விடணும். சாஃப்ட்வேர்ல ஒரு வரி ப்ரோக்ராம் எழுதுறதுக்கு முன்னாடியே அது திருந்திருச்சு.

இன்னொண்ணு அதவிடப் பெருசு. டைல் செஞ்ச உடனே ஸ்டாக்ல ஏறணும்னு எழுதியிருந்தாங்க. எங்க டைல் சூளையில வேகுறதில்ல. கண்ணாடி மேல சட்டத்தையும் டிசைன் அச்சையும் வச்சு, கலர் சிமெண்ட்ட ஊத்தி, அச்ச எடுத்துட்டு மேல மணலு சிமெண்ட்டு போட்டு இறுக்கி, காய்ஞ்சப்புறம் தண்ணித் தொட்டியில போட்டு, திரும்ப வெயில்ல காயவச்சு, இத்தனையும் ஆனாத்தான் அது விக்கிற சரக்கு. "தொட்டியில கெடக்குறது ஸ்டாக் இல்ல தம்பி, அத நம்பி தேதி குடுக்காதீங்க"ன்னாரு மேஸ்திரி. அதுலேருந்துதான் அச்சு, தொட்டி, காய்ச்சல், ரெடின்னு நாலு நெலை வந்துச்சு. ஐப்பசி கார்த்திகை மழையில காய்ச்சல்லயே நின்னுபோறது இப்ப கஸ்டமருக்கும் தெரியுது, தேதி கேட்டு சத்தம் போடுறது நல்லாவே கொறஞ்சிருக்கு.

கானாடுகாத்தான்லேருந்து ஒரு ஆச்சி, வளவுல உடைஞ்ச பழைய டைலுக்கு ஜோடியா கேட்டு எங்ககிட்ட வந்தவங்க, அவங்க பேரன வச்சு கமென்ட் போட்டாங்க. டிசைன் பேரு பட்டறைக்குப் பட்டறை மாறுது, பேரச் சொன்னா என்னைக்கும் வேறதான் வருது, போட்டோவ வச்சுத் தேடுற மாதிரி செய்யுங்கன்னு. எங்களுக்கு அது தோணவே இல்ல.

இனி கஷ்டத்தையும் சொல்லிடறேன். போட்டோவோட கலர் கலவை அளவையும் சேத்து வைக்கணும்னு ஒரு வரி எழுதுனப்ப, அதுக்கு உதாரணமா எங்க பட்டறையோட நெஜ அளவையே போட்டுட்டாங்க. பக்கத்துப் பட்டறைக்காரங்களும் பாக்குற லிஸ்ட் அது! வருஷக்கணக்காக் கையில பழகுன கலவை. எனக்கு அன்னிக்கு சோறே இறங்கல. அன்னிக்கு சாயங்காலமே எடுத்துட்டாங்க, மன்னிப்பும் கேட்டாங்க, அதுக்கப்புறம் உதாரணத்துல எந்தப் பட்டறையோட ரேட்டும் அளவும் வரக்கூடாதுன்னு ஆச்சு. லிஸ்ட் திறக்கப்போறவங்க இத முதல் நாளே முடிவு பண்ணிருங்க, எங்கள மாதிரி அடிபட்டுக் கத்துக்காதீங்க.

அடுத்தது, லிஸ்ட்ல இன்னும் முடிவாகாம "யோசனை"ன்னு இருக்குற வரிய வாக்குறுதின்னு எடுத்துக்குறது. எங்க முதலாளி அப்படி ஒரு வரியப் பாத்துட்டு பொங்கலுக்குள்ள வந்துரும்னு ஒரு கஸ்டமர்கிட்ட சொல்லிட்டாரு, வரல, பேச்சு வாங்குனது நான். இப்ப யோசனைப் பக்கத்துல தேதியே போடுறதில்ல.

எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது "செய்யமாட்டோம்"ங்கற பக்கம். போன்லயே கஸ்டமர் கலர் மாத்திப் பாக்குற வசதி நான் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. ஸ்க்ரீன் கலரும் சிமெண்ட் கலரும் ஒத்துவராது, சரக்கு இறங்குறப்ப வாசல்லயே தகராறு வரும்னு காரணத்தையும் எழுதி வச்சாங்க. ஒரு வாரம் கோவமாத்தான் இருந்தேன், அப்புறம் யோசிச்சுப் பாத்தா அவங்க சொன்னதுதான் சரி. போன வருஷம் டீம்ல புதுசா வந்த பையன் அந்தப் பக்கம் முழுசாப் படிச்சுட்டு வந்ததால எங்ககிட்ட பழைய கேள்விய ஒண்ணுகூடத் திரும்பக் கேக்கல.

இது ஒண்ணும் புதுப் பழக்கமும் இல்ல போல. 1969லயே, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் கட்டும்போது ஸ்டீவ் க்ராக்கர் முதல் குறிப்ப எழுதி, கருத்து சொல்லுங்கன்னு அர்த்தம் வர்ற மாதிரி ரிக்வெஸ்ட் ஃபார் கமென்ட்ஸ், சுருக்கமா ஆர்எஃப்சின்னே பேரு வச்சு சுத்துக்கு விட்டாராம், அந்தப் பேரு இன்னிக்கும் ஓடுதுன்னு அந்தப் பையன் சொன்னான்.

நாலாவது வருஷத்துக்குப் பணம் கட்டியாச்சு. ஒரே ரூமுக்குப் போற டைலெல்லாம் ஒரே கலவையிலேருந்து எடுக்கணும்ங்கற வரி இன்னும் "செஞ்சுட்டிருக்கோம்"லயே நிக்குது, கீழ மேஸ்திரியோட மூணு வாய்ஸ் நோட் இருக்கு. மழைக்கு முன்னாடி முடிச்சுக் குடுங்கன்னு நேத்து நானும் ஒண்ணு போட்டிருக்கேன்.