மரக்கால் கேட்டவரும் மரத்தாலான கால் கேட்டவரும்: ஓர் ஏலச் செயலி பற்றி விற்பவனின் மதிப்பீடு

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய பாத்திரக்கடை உண்டு. புதுப் பாத்திர வியாபாரம் பெயருக்குத்தான்; பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களும் பிள்ளைகளோடு வெளியூர் போய்விடுகிறவர்களும் எடைக்குப் போட்டுவிட்டுப் போகும் பித்தளையும் வெண்கலமுமே இப்போது எங்கள் பிழைப்பு. அவற்றுள் உருக்குவதற்கு மனம் வராதவற்றை இரண்டு ஆண்டுகளாக ஓர் இணைய ஏலச் செயலியின் வழியே விற்று வருகிறேன். அந்தச் செயலியின் தரகு வீதம், பணம் வந்து சேரும் வேகம் ஆகியவற்றைப் பற்றி எழுத இங்கே பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டுமே பரவாயில்லை. ஏலம் எடுத்தவர் பொருள் விளக்கத்தைத் தவறாகப் படித்துவிட்டாரோ என்ற ஐயம் எழும்போது அது விற்பவனுக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைத்தான் எழுத வந்தேன். குறைகளையும் சொல்லப் போவதாலும், என் கணக்கு இன்னும் அதில் இருப்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். அந்த மூன்றில் இரண்டு ஒரே ஒரு வசதிக்காக.

முதலில் மரக்கால் கதை. டெல்டாவில் நெல் அளந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால் என்று ஏறிப்போகும் முகத்தலளவை வரிசையில் பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் அளவைகள் வந்து இவையெல்லாம் பரணுக்கு ஏறிவிட்டன. பித்தளைப் பூண் போட்ட ஒரு மரக்காலைப் படமெடுத்து, உயரம், வாயகலம், எடை எல்லாம் தமிழில் எழுதி ஏலத்தில் வைத்தேன். ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குப் போனால் போதும் என்று இருந்த எனக்கு, கடைசி ஐந்து நிமிடத்தில் அது நாலாயிரத்து இருநூறைத் தொட்டது வியப்பாகவும், உள்ளபடி சொன்னால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

எடுத்தவர் வடமாநிலத்துக்காரர். செயலி தமிழ் விளக்கத்தைத் தானாகவே மொழிபெயர்த்து அவருக்குக் காட்டியிருக்கிறது. நான் அதே பக்கத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தபோது தலைப்பில், மரத்தால் ஆன கால் என்ற பொருளில், இரண்டு சொற்கள் நின்றன. பழைய மரச்சாமான்களைச் செப்பனிட்டு விற்கிற அவர், ஏதோ செட்டிநாட்டு மேசையின் கால் என்று எண்ணிக்கொண்டு ஏலம் கேட்டிருக்கிறார். படத்தைப் பார்த்த பிறகுமா என்று கேட்பீர்கள். கவிழ்த்து வைத்த மரக்காலைப் பக்கவாட்டில் எடுத்த படத்தை முதல் படமாகப் போட்டவன் நான்தான். அடுத்த நான்கு படங்களை அவர் தள்ளியே பார்க்கவில்லை.

அந்த இரண்டு நட்சத்திரத்தைப் பெற்றுத்தந்த வசதி இந்த இடத்தில்தான் உதவியது. ஏலம் முடிந்ததும் பணம் செயலியிடம் நிற்கும். விற்பவன் நாற்பத்தெட்டு மணி நேரம் வரை பொருளை அனுப்பாமல் நிறுத்திவைத்து, வாங்குபவரிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்கலாம். இருவரும் ஒப்புக்கொண்டால் ஏலம் ரத்தாகும். இரு பக்கத்துக்கும் மதிப்பெண் குறையாது, தரகும் பிடிக்கப்படாது. “ஐயா, இது தானியம் அளக்கும் பாத்திரம், மேசைக்கால் அன்று, தெரிந்துதான் கேட்டீர்களா?” என்று எழுதினேன். அரைமணி நேரத்தில் கைகூப்பிய படம் ஒன்றும் ரத்துக் கோரிக்கையும் வந்தன. பார்சல் கட்டி, நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளை ஆயிரம் மைல் அனுப்பி, திரும்ப வரவழைக்கும் செலவையும் மனக்கசப்பையும் ஒரு கேள்வி மிச்சப்படுத்தியது.

ஏன் சொல்ல வேண்டும், எழுதியதைச் சரியாகப் படிப்பது வாங்குபவர் பொறுப்பல்லவா என்று என் மைத்துனர் கேட்டார். சட்டப் புத்தகம் ஒரு வகையில் அவர் பக்கம்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் ஓர் உண்மை விவரம் பற்றித் தவறாக எண்ணியிருந்தது என்பதனாலேயே ஒப்பந்தத்தை விலக்கிவிட முடியாது என்கிறது. இருவருமே அடிப்படையான ஒன்றைத் தவறாக எண்ணியிருந்தால்தான் 20-ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஆனால் 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. வாங்குபவர் கண்ணில் பட்ட விளம்பரம் நான் எழுதியதா, மொழிபெயர்ப்பு எழுதியதா என்று வாதாடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அதோடு, ஏமாந்தவரின் பணம் கல்லாவில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது; மைத்துனருக்கு இறங்கும்.

செயலி முழுவதுமாகக் கைவிட்ட இடம் ஈயச்சொம்பு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்வது. 232 பாகை செல்சியசிலேயே வெள்ளீயம் உருகிவிடும். அதனால் முதலில் நீர் ஊற்றி, பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறும் சொம்பை வைக்கவே கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் குழந்தைக்குச் சொல்லும் பாடம். இதை விளக்கத்தின் இரண்டாம் வரியிலேயே எழுதியிருந்தேன். ஆனால் கைப்பேசித் திரையில் முதல் வரி மட்டுமே தெரியும்; மற்றதைப் படிக்க “மேலும்” என்பதைத் தொட வேண்டும். வாங்கிய பெண்மணி தொடவில்லை. சொம்பைக் கழுவி, ஈரம் காய்வதற்காக எரிவாயு அடுப்பின் சிறுதீயில் வைத்துவிட்டு வேறு வேலையாகப் போயிருக்கிறார். அவர் அனுப்பிய படத்தில் சொம்பின் அடிப்பாகம் இல்லை. அடுப்புத் தட்டின் மேல் வெள்ளி நாணயங்கள் போலச் சொட்டுச் சொட்டாக உறைந்து கிடந்தது.

அவர் தொலைபேசியில் கோபப்படவில்லை. “அண்ணா, எங்க மாமியார் வச்சிருந்ததுபோல ஒண்ணு வேணும்னுதான் வாங்கினேன், இப்படி ஆகும்னு தெரியாதே” என்றார். ஆனால் அதற்குள் “விளக்கத்தில் உள்ளதுபோல் இல்லை” என்ற பொத்தானை அழுத்தியிருந்தார். அதை அழுத்திய பிறகு சமரசத்துக்கு வழியே இல்லை. உதவி மையத்தில் பேசியவர், எழுதிவைத்த பதிலை மூன்று முறை வாசித்துவிட்டு இணைப்பை முடித்தார். பணம் முழுவதும் அவருக்குத் திரும்பியது, எனக்கு ஒரு கரும்புள்ளி விழுந்தது. உருகிய ஈயத்தை அவர் அனுப்பிவைத்தார். அந்த எடைக்கு வேறு சொம்பு செய்ய ஆகும் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு புதியது ஒன்று கொடுத்தேன். இதெல்லாம் நாங்கள் இருவரும் தனியே பேசி முடித்தது. செயலிக்கு இதில் பங்கில்லை. இன்னொருவர் ஈயம் என்றதும் காரீயம் என்று நினைத்து, நஞ்சு விற்கிறாய் என்று எழுதினார். அது வேறு உலோகம் என்று விளக்கியதும் விட்டுவிட்டார்.

ஐயம் எழுந்தால் கேட்கலாமே தவிர, வாங்குபவர் அறியாதவர் என்று முடிவு கட்டிக்கொண்டு கேட்கக் கூடாது. இதைக் கற்றுக்கொடுத்தது நாச்சியார்கோயில் விளக்கு. மூன்றடி விளக்கு, தண்டும் அகலும் பழுதில்லை, உச்சியில் திருகி மாட்டும் அன்னப்பட்சி மட்டும் காணோம். “அன்னம் இல்லை” என்று தலைப்பிலேயே போட்டும், முழு விளக்கின் விலைக்கு மன்னார்குடிக்காரர் ஒருவர் எடுத்தார். அன்னம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா என்று கேட்டேன். அவர் பதிலாக ஒரு படம் அனுப்பினார்: பூஜையறை மாடத்தில் தனியாக ஓர் அன்னம், அதன் அடியில் மரை. பாகப்பிரிவினையில் விளக்கு அண்ணனுக்கும் அன்னம் தமக்குமாகப் போய்விட்டதாம். மரையின் சுற்றளவை நூலால் அளந்து முன்பே ஒப்பிட்டிருக்கிறார்.

ஈபே 1995-இல் வேறு பெயரில் தொடங்கியபோது, நிறுவனர் பியர் ஒமிடியார் பழுதான லேசர் சுட்டி ஒன்றை விற்றார். 14.83 டாலருக்கு எடுத்தவரிடம், அது வேலை செய்யாது என்று தெரியுமா என அவர் கேட்டதாகவும், பழுதான சுட்டிகளைச் சேர்ப்பதே தம் வழக்கம் என்று பதில் வந்ததாகவும் அந்த நிறுவனமே சொல்லிவருகிறது. அந்தக் கேள்வியை அன்று விற்றவரே கேட்டிருக்கிறார். எங்கள் செயலியில் அதைக் கேட்கும் வசதி, அமைப்புகளுக்குள் மூன்று அடுக்குத் தள்ளி ஒளிந்திருக்கிறது. எனக்கே எட்டு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. தானியங்கி மொழிபெயர்ப்பை நிறுத்தும் வழியும் அதே இடத்தில் இருக்கிறது.

ஏலம் முடிந்த நொடியில் பொதுக் கேள்விப் பகுதி மூடப்படுவதையும் அவர்கள் மாற்ற வேண்டும். ஒருவருக்கு வந்த ஐயமும் அதற்கு நான் சொன்ன பதிலும் அங்கேயே நின்றால், அடுத்த சொம்பை வாங்குகிறவர் அதைப் படிப்பார். இப்போது அதே பதிலைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். “பழமையான” என்ற சொல்லை நானே விட்டுவிட்டேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு என்று வரம்பு வைத்திருக்க, ஐம்பது ஆண்டுப் பித்தளையைத் தொல்பொருள் என்று எண்ணி வாங்குகிறவர்களிடம் சிக்க வேண்டாம் என்றுதான்.

மரக்காலை மறுபடி ஏலத்தில் வைத்தேன், வாய் தெரியும்படி முதல் படம், மொழிபெயர்ப்பு இல்லை. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆயிரத்து அறுநூற்றைம்பதுக்கு எடுத்தார். நான் கேட்பதற்கு முன் அவரே கேட்டார்: “சின்ன மரக்காலா, பெரிய மரக்காலா?” கடையில் இருந்த படியால் புழுங்கல் அரிசியை அளந்து கொட்டிப் பார்த்து, நாலு படியும் ஓர் ஆழாக்கும் பிடிக்கிறது என்று எழுதிய பிறகே பார்சல் கட்டினேன்.