ரோட்டு ஓரமா, லேன் நடுவுலயா?

சைக்கிள் ஓட்டுற நிறைய பேருக்கு பயமே பின்னாடி வர்ற வண்டி மேலதான், சத்தம் கேட்டாலே முதுகு கூசும், கை தானா ஹேண்டில்பாரை ஓரத்துக்குத் திருப்பிடும். நானும் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனா ஓரத்துல என்ன இருக்கு? மண்ணு, கண்ணாடித் துண்டு, அதைவிட மோசம் நிறுத்தி வச்ச கார், கதவு திறந்தா கிட்டத்தட்ட 1 மீட்டர் வெளிய வந்துரும், பிரேக் பிடிக்கவே நேரம் இருக்காது. நாம பயப்படுறது ஒரு பக்கம், ஆபத்து வேற பக்கம்!

லேன் நடுவுல ஓட்டினா ஜங்ஷன்ல திரும்புறவங்க கண்ணுல படுவோம், குறுகலான ரோட்டுல உரசிக்கிட்டு ஓவர்டேக் பண்ணவும் இடம் இருக்காது. ஹாரன் அடிப்பாங்க, மனசு படபடக்கும், அதைத் தாங்கணும். இன்னொண்ணும் சொல்லியாகணும், இங்கிலாந்துல பாத் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர் இயன் வாக்கர் 2006ல சைக்கிள்ல சென்சார் மாட்டி அளந்தப்போ, ஓரத்துலேர்ந்து தள்ளி ஓட்ட ஓட்ட வண்டிங்க இன்னும் நெருக்கமாத்தான் கடந்துச்சு.

அதனால அகலமான, வண்டி வேகமா போற ரோடுன்னா ஓரத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி இருந்தா போதும். கார் வரிசையா நிக்கிற குறுகலான தெருன்னா பின்னாடி ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு லேன் நடுவுக்கு வந்துருங்க, தயங்காதீங்க.